நாற்சந்தியில் நிற்கும் நம் வீட்டுத் தாதி

சிம்பாங் அம்பாட் என்ற மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்று பொருள். வடக்கே போனால் புக்கிட் மெர்தாஜாம். தெற்கே போனால் சுங்கை பாக்காப், நிபோங் தெபால். மேற்கே திரும்பினால் புக்கிட் தம்புன், பத்து காவான். எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்த ஊருக்குத்தான் போய்ச் சேருவோம். வழி விசாரிக்காமல் திரும்பிவிட்டால் எண்ணெயும் வீண், பொழுதும் வீண்.

இந்த வட்டாரத்துத் தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான்களிலும், இன்று எத்தனையோ வீடுகளில் ஒரு பெண் இப்படித்தான் நாற்சந்தியில் நிற்கிறாள். தாதியர் டிப்ளோமாவை மூன்றாண்டு படித்து முடித்துவிட்டாள். தாதியர் வாரியத்தின் தேர்விலும் தேறிவிட்டாள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே கேட்கிறார்: "ஏம்மா, எங்க வேலை போட்டிருக்காங்க? சம்பளம் எவ்வளவாம்?"

பெண்ணுக்கோ மனத்தில் வேறு ஓர் ஆசை. பயிற்சிக் காலத்தில் சில வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றாள். 'ஐ.சி.யு.' என்று நாம் சொல்கிறோமே, அந்த இடந்தான். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் கிடந்த ஒருவர் பத்தாம் நாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டதை அவள் பார்த்தாள். அன்றிலிருந்து, வேலை பார்த்தால் அங்கேதான் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்துவிட்டது. ஆனால் நேற்றுத் தேறிய பெண்ணை அங்கே சேர்த்துக்கொள்வார்களா? சேர்த்தால் தாங்குவாளா? எந்த மருத்துவமனையில் சேர்ந்தால் முறையாகக் கற்றுக்கொடுப்பார்கள்?

அத்தை கேட்ட கேள்வியில் தவறில்லை. சம்பளமும் முக்கியந்தான். ஆனால் அதற்கு முன்னே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "முதல் ஆறு மாதம் என் பிள்ளையின் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பவர் யார்?" இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

கதவுக்கு அந்தப் பக்கம்

தோட்டத்துக் குடும்பங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவைப் பெரும்பாலும் கதவுக்கு வெளியிலிருந்துதான் பார்த்திருக்கின்றன. டிங்கி காய்ச்சல் முற்றியவர், எலியின் சிறுநீரால் பரவும் நோய் கண்டவர், பாம்பு கடித்தவர், சாலை விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர், மாரடைப்பு வந்தவர் என்று பலரை அங்கே கொண்டு போயிருக்கிறோம். களைக்கொல்லி மருந்தான பாராகுவாட்டைக் குடித்துவிட்டு வந்தவர்களின் கதை நம்மவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 சனவரி முதல் நாள் தொட்டு அந்த மருந்துக்கு நம் நாட்டில் தடை.

கதவுக்கு உள்ளே தாதி என்ன செய்கிறாள்? நோயாளியின் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சின் எண்ணிக்கை, உடலில் ஏறிய நீர், வெளியேறிய சிறுநீர் ஆகியவற்றை மணிக்கு மணி, சில வேளை அதற்கும் குறைந்த இடைவெளியில், பார்த்து எழுதுகிறாள். சுவாசக் கருவி சரியாக ஓடுகிறதா என்று கவனிக்கிறாள். தொண்டைக் குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்கிறாள். படுக்கைப் புண் வராமலிருக்க நேரம் பார்த்து உடலைத் திருப்பிப் போடுகிறாள். வாயைச் சுத்தம் செய்கிறாள். தலைமாட்டை உயர்த்தி வைக்கிறாள். நினைவு எந்த அளவில் இருக்கிறது என்பதற்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுகிறாள். இந்த அளவுகோலை 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் வகுத்தார்கள். இன்று உலகமெங்கும் அதே அளவுகோல்தான்.

இவற்றையெல்லாம் செய்வதற்குக் கை பழகினால் போதும். கண் பழகுவதற்குத்தான் காலம் வேண்டும். அளவுகள் எல்லாம் ஏறத்தாழச் சரியாக இருக்கும்போதே "இவர் முகம் சரியில்லை, டாக்டரைக் கூப்பிடு" என்று அனுபவப்பட்ட தாதி சொல்வாள். அரை மணி நேரத்தில் அவள் சொன்னது நடக்கும். பால் மரத்தின் பட்டையைத் தொட்டுப் பார்த்தே எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று சொல்லும் பழைய வெட்டுக்காரரைப் போலத்தான். அவரும் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. பக்கத்தில் நின்று யாரோ பழக்கினார்கள்.

ஒரு பாதாள மழையும் ஆயிரத்தைந்நூறு மாணவர்களும்

தீவிர சிகிச்சைப் பிரிவு பிறந்த கதையே பக்கத்தில் ஓர் ஆள் இருப்பதன் அருமையைச் சொல்லும் கதைதான். 1952-ல் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடும் மழைபோல் கொட்டித் தீர்த்தது. நோய் மூச்சுத் தசையைத் தாக்கியவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். ஊரில் இருந்த இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

அப்போது பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், மூச்சு முட்டிக் கிடந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். சாவு பாதிக்கும் கீழே குறைந்தது. அடுத்த ஆண்டு, 1953-ல், கடும் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாமல் பார்த்துக்கொள்ளும் தனிப் பிரிவை இப்சன் அதே நகரில் தொடங்கினார். உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். மலேசியாவில் முதல் பிரிவு 1968-ல் வந்தது.

இயந்திரம் பின்னால் வந்தது. முதலில் இருந்தது தலைமாட்டில் உட்கார்ந்த மனிதர்தான். இன்றும் அப்படியே. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொவிட் நோய் வந்தபோது நாடுகள் சுவாசக் கருவிகளை வாங்கிக் குவித்தன. கருவியை வாங்கிவிடலாம், அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த தாதியைக் கடையில் வாங்க முடியாது என்பது அப்போதுதான் பலருக்கும் உறைத்தது.

'ரெசிடென்சி' என்றால் என்ன?

படித்துத் தேறிய டாக்டர் உடனே தனியாக நின்று வைத்தியம் பார்ப்பதில்லை. பெரிய டாக்டர்களின் கண்காணிப்பில் மருத்துவமனையிலேயே சில காலம் வேலை செய்துகொண்டே கற்கிறார். அதே முறையைப் புதிய தாதியருக்கும் வைக்க வேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வலுத்தது. மார்லீன் கிரேமர் என்ற தாதிமைப் பேராசிரியர், கல்லூரியை விட்டு வார்டுக்குள் நுழையும் புதிய தாதிக்கு ஏற்படும் அதிர்ச்சியைப் பற்றி 1974-ல் ஒரு நூலே எழுதினார். படித்தது ஒன்று, பார்ப்பது ஒன்றாக இருக்க, மனமுடைந்து வேலையை விடுபவர்கள் பலர் என்று அவர் எடுத்துக்காட்டினார்.

1984-ல் பெட்ரிசியா பென்னர் என்பவர், ஒரு தாதி கத்துக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்தவர் ஆகும்வரை ஐந்து படிகள் ஏற வேண்டும் என்று விளக்கினார். தேர்வில் தேறி வருபவர் இரண்டாம் படியில்தான் நிற்கிறார். மேலே ஏற அனுபவம் வேண்டும், கை பிடித்துத் தூக்கிவிடுபவர் வேண்டும். 2002 முதல் அமெரிக்காவில் ஓராண்டுக்கால ரெசிடென்சித் திட்டங்கள் பல மருத்துவமனைகளில் பரவின. புதிய தாதிக்குச் சம்பளமும் உண்டு, வகுப்பும் உண்டு, பக்கத்தில் நின்று பழக்கும் மூத்த தாதியும் உண்டு.

இங்கிலாந்தில் பெயர் வேறு, கருத்து ஒன்று. அங்கே தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகச் சேரும் தாதியை, குறைந்தது ஆறு வாரத்துக்கு வேலைப் பட்டியலின் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று தொழில்முறை நெறி வகுத்திருக்கிறார்கள். அவள் அங்கே நிற்பாள், செய்வாள், கற்பாள். ஆனால் "இந்த நோயாளி உன் பொறுப்பு" என்று அவளிடம் தனியாக விட்டுவிடமாட்டார்கள். ஆள் பற்றாக்குறையை நிரப்ப அவளைப் பயன்படுத்தக்கூடாது என்பதே இதன் பொருள். பெற்றோர்களே, இந்த ஒரு நெறியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நமக்கு உதவும்.

நான்கு பாதைகள்

நம் நாட்டில் புதிய தாதிக்கென்று 'ரெசிடென்சி' என்ற பெயர்ப்பலகையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பெயர் இல்லாமலே அதே வேலை நடக்கும் இடங்கள் உண்டு. பெயரைச் சொல்லி ஆள் சேர்த்துவிட்டு எதையும் கற்றுத்தராத இடமும் இருக்கலாம். சிம்பாங் அம்பாட்டில் நிற்கும் பெண்ணுக்கு எதிரே உள்ள பாதைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பாதை அரசாங்க மருத்துவமனை. நம் வட்டாரத்தில் சுங்கை பாக்காப், புக்கிட் மெர்தாஜாம், செபராங் ஜெயா மருத்துவமனைகள் உள்ளன. பாலத்துக்கு அந்தப் பக்கம் பினாங்குப் பெரிய ஆஸ்பத்திரி. அரசாங்கத்தில் சேரும் தாதியை எந்த வார்டில் போடுவது என்பதை மேட்ரனும் நிர்வாகமும்தான் முடிவு செய்வார்கள். ஆசைப்பட்டவுடன் ஐ.சி.யு. கிடைத்துவிடாது. ஆனால் விருப்பத்தை எழுத்தில் தெரிவிக்கலாம். பொது வார்டில் ஓரிரு ஆண்டு நின்றது ஒருபோதும் வீணாகாது. ஒருவர் உடல்நிலை மெல்ல மெல்ல எப்படிக் கெடுகிறது என்பதைப் பொது வார்டில்தான் நன்றாகப் பார்க்க முடியும்.

அரசாங்கப் பாதையின் பெரிய பலம் அதற்குப் பின்னால் வரும் சிறப்புப் படிப்பு. 'போஸ் பேசிக்' என்று நெடுங்காலமாக நாம் அறிந்த இந்தப் படிப்புகளில் தீவிர சிகிச்சைத் தாதிமையும் ஒன்று. பிரசவம், சிறுநீரகம், அறுவைக்கூடம், பச்சிளங்குழந்தை என்று மற்றத் துறைகளுக்கும் உண்டு. இவற்றுக்கு விண்ணப்பிக்கச் சில ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். ஆகவே இது நேற்றுத் தேறியவருக்கான படிப்பு இல்லை. நாளைக்கு வேண்டுமென்றால் இன்றே திட்டமிட வேண்டிய படிப்பு.

இரண்டாம் பாதை தனியார் மருத்துவமனை. ஜார்ஜ்டவுன் நகரத்தில் தனியார் மருத்துவமனைகள் பல. இந்தோனேசியாவிலிருந்துகூட நோயாளிகள் தேடி வருகிறார்கள். இங்கே ஐ.சி.யு.வில் ஆள் தேவை என்றால் புதியவரையும் நேரே அங்கே சேர்ப்பதுண்டு. விரைவில் கற்கலாம். ஆனால் இங்கேதான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். சில இடங்களில் மாதக்கணக்கில் மூத்த தாதியுடன் சேர்த்து விடுவார்கள், கற்றதைக் குறிக்கத் தனி ஏடு கொடுப்பார்கள். சில இடங்களில் இரண்டு வாரம் கழிந்ததும் தனியாக நிறுத்திவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

தனியார் கல்லூரியில் மருத்துவமனையின் உதவிப் பணத்தில் படித்தவர்களுக்கு ஒப்பந்தக் காலம் இருக்கும். எத்தனை ஆண்டு, நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் போடலாமா என்பதையெல்லாம் கையெழுத்துப் போடும் முன்பே படித்துப் பாருங்கள். மலாயோ ஆங்கிலமோ சரியாகப் புரியாவிட்டால், பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் காட்டிக் கேட்பதில் வெட்கமென்ன?

2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனியார் கல்லூரிகள் பெருகி, தேறி வந்த பலருக்கு வேலை கிடைக்காமல் போனதையும், பி.டி.பி.டி.என். கடன் மட்டும் தலைமேல் நின்றதையும் நாம் மறந்துவிடவில்லை. இன்று நிலைமை தலைகீழ். தாதியர் போதவில்லை, வெளிநாடுகள் கூவி அழைக்கின்றன. ஆள் தட்டுப்பாடு உள்ள காலத்தில் வேலை எளிதில் கிடைக்கும். கற்றுக்கொடுக்கத்தான் யாருக்கும் நேரம் இருக்காது. எச்சரிக்கை தேவைப்படுவது இதனால்தான்.

மூன்றாம் பாதை மேற்படிப்பு. டிப்ளோமா முடித்தவர்கள் வேலை பார்த்துக்கொண்டே தாதிமைப் பட்டம் பெறத் திறந்த பல்கலைக்கழகம் போன்றவை வழி செய்கின்றன. இந்தப் பாதையைப் பேசும்போது தமிழகத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'ரெசிடென்சி' என்ற பெயரிலேயே தீவிர சிகிச்சைத் தாதிமையைக் கற்பிக்கும் முறை அங்கே வந்துவிட்டது. இந்தியத் தாதிமை மன்றம் வகுத்த அந்த முதுநிலைப் படிப்பு இரண்டாண்டு. பெரும்பகுதி நேரம் வகுப்பறையில் இல்லை, நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில்தான். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி இதைத் தொடங்கியவற்றுள் ஒன்று.

வேலூருக்கு இந்தத் துறையில் நீண்ட பரம்பரை உண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கிய வைத்தியசாலை அது. 1909-ல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1946-ல், இந்தியாவிலேயே முதன்முதலாகத் தாதிமையில் பட்டப்படிப்பு தந்த கல்லூரிகளில் ஒன்றாக உயர்ந்தது. இத்தனை பரம்பரை உள்ள இடத்திலும் அந்த ரெசிடென்சிப் படிப்புக்கு என்ன கேட்கிறார்கள் தெரியுமா? பட்டத்தோடு ஓராண்டு மருத்துவமனை அனுபவமும் வேண்டும் என்கிறார்கள். எந்த நாட்டுப் பெரிய படிப்பானாலும் முதல் ஓராண்டை எங்கே, எப்படிக் கழித்தாய் என்று கேட்காமல் விடுவதில்லை. இங்கிருந்து இந்தியாவுக்குப் படிக்கப் போக நினைப்பவர்கள், அந்தப் பட்டத்தை நம் தாதியர் வாரியம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ள வேண்டும். படித்துவிட்டு வந்து கேட்பது, தாலி கட்டிய பிறகு சாதகம் பார்ப்பதைப் போன்றது.

நான்காம் பாதை வெளிநாடு. ஒரு சிங்கப்பூர் வெள்ளி நம்முடைய மூன்று ரிங்கிட்டுக்கு மேல் என்றால், கடன் உள்ள குடும்பத்துக்கு ஆசை வராமலிருக்குமா? வருவதில் குற்றமில்லை. சிங்கப்பூரில் தீவிர சிகிச்சைத் தாதிமைக்கான சிறப்புப் படிப்புகளும் உள்ளன. அங்கே வேலை பார்க்க அந்நாட்டுத் தாதியர் வாரியத்தின் பதிவு வேண்டும். இங்கிலாந்து போக ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, செய்முறைத் தேர்வு மூன்றும் உண்டு.

ஆனால் ஒன்று. புதிய தொழில், புதிய நாடு, புதிய பேச்சு, தனி அறை என்று எல்லாச் சுமையையும் ஒரே நாளில் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றினால் தாங்குவது கடினம். இரண்டு மூன்று ஆண்டு இங்கேயே நன்றாகக் கற்றுக்கொண்டு போகிறவளுக்கு அங்கே மதிப்பு வேறு. நேரே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், ஆறு வாரம் என்று மேலே சொன்னோமே, அந்தக் கேள்வியை அந்த நாட்டு மருத்துவமனையிடமும் கேட்டுவிட்டுப் போகட்டும்.

நேர்முகத் தேர்வில் நாமும் கேட்கலாம்

நேர்முகத் தேர்வு என்றால் அவர்கள் கேட்பார்கள், நாம் கைகட்டிப் பதில் சொல்வோம் என்பது பழைய பழக்கம். துரை முன்னால் நின்ற காலத்துப் பழக்கம் அது. இன்று "உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா?" என்று அவர்களே கேட்கிறார்கள். பணிவோடு இவற்றைக் கேட்கலாம்:

1. எத்தனை வாரம் நான் மூத்த தாதி ஒருவருடன் சேர்ந்தே வேலை பார்ப்பேன்? அந்த வாரங்களில் என்னையும் வேலைப் பட்டியலில் ஓர் ஆளாகக் கணக்கிடுவீர்களா?

2. எனக்குப் பழக்கிக் கொடுப்பவர் ஒருவரா, அல்லது அன்றன்று இருப்பவரா?

3. சுவாசக் கருவியில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு தாதியா? இரவிலும் அப்படித்தானா?

4. நான் எவற்றைக் கற்றுத் தேறினேன் என்பதைக் குறிக்கும் ஏடு உண்டா? அதில் யார் கையெழுத்திடுவார்கள்?

5. இரவு வேலையில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? டாக்டர் பிரிவிலேயே இருப்பாரா?

6. தீவிர சிகிச்சைச் சிறப்புப் படிப்புக்கு எத்தனை ஆண்டில் அனுப்புவீர்கள்? அதற்குத் தனி ஒப்பந்தம் உண்டா?

7. கடந்த ஆண்டு சேர்ந்த புதியவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்களா?

ஏழாவது கேள்வியைக் கேட்கத் தயங்கினால், உள்ளே வேலை பார்க்கும் நம் ஊர்ப் பெண் யாரையாவது அக்கா என்று அழைத்து விசாரிக்கட்டும். கல்லூரியில் முன்னால் படித்துத் தேறியவர்கள் இருப்பார்களே. ஐந்து நிமிடப் பேச்சில் உண்மை தெரிந்துவிடும்.

பதில் எப்படி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். "பன்னிரண்டு வாரம், இன்ன சிஸ்டர் பார்த்துக்கொள்வார்" என்று கணக்காகச் சொல்கிற இடம் ஒழுங்கான இடம். "அதெல்லாம் நீயே போகப் போகக் கற்றுக்கொள்வாய்" என்று சிரித்தால் யோசிக்க வேண்டும். இருநூறு ரிங்கிட் குறைவாகக் கொடுத்தாலும் கற்றுத்தருகிற இடமே மேல் என்பது என் எண்ணம். அந்த இருநூறு பிற்காலத்தில் வட்டியும் முதலுமாகத் திரும்பி வரும். கற்றுத்தராத இடத்தில் ஒரு மருந்தின் அளவு தவறினால் நோயாளிக்கு ஆபத்து, பிள்ளைக்கோ வாழ்நாள் முழுவதும் மனத்தில் ஒரு முள்.

இன்னொன்று. தேறிய தாதியின் பெயர் வாரியத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தொழில் சான்றிதழும் கையில் இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டின் தாதியர் சட்டத்தின் கீழ் நடக்கும் ஏற்பாடு இது. சான்றிதழைப் புதுப்பிக்கத் தொடர்கல்விப் புள்ளிகள் தேவை. ஆகவே சேர்ந்த நாள் முதல், போன வகுப்புகள், கலந்துகொண்ட பயிற்சிகள் எல்லாவற்றின் தாள்களையும் ஒரே கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். பிறப்புப் பத்திரத்தை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்த நம் பாட்டிகளுக்குத் தாளின் அருமை தெரிந்திருந்தது.

வீட்டில் உள்ளவர்கள் செய்ய வேண்டியது

இதுவரை சொன்னது பிள்ளைக்கு. இனிச் சொல்வது நமக்கு.

மருத்துவமனையில் பழக்கிவிட மூத்த தாதி இருந்தாலும், வேலை முடிந்து வரும் பிள்ளைக்கு வீடும் ஒரு துணையாக இருக்க வேண்டும். இரவு வேலை முடித்துக் காலை ஒன்பது மணிக்கு வந்து படுப்பாள். தகரக் கூரை வெயிலில் கொதிக்கும். பக்கத்தில் வானொலி பாடும், வந்தவர்கள் பேசிச் சிரிப்பார்கள். பன்னிரண்டு மணிக்கு "எழுந்து வந்து சாப்பிட்டுட்டுப் படும்மா" என்று அன்போடு எழுப்புவோம். அன்புதான், ஆனால் அன்று இரவு அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே ஊசியில் மருந்து ஏற்றுவாள் என்பதை நினைக்க வேண்டும். சன்னலுக்குக் கனத்த துணி, ஒரு விசிறி, பகல் மூன்று மணி வரை சத்தமில்லாத வீடு ஆகியவற்றை அவளுக்குக் கொடுங்கள். சாப்பாட்டை மூடி வைத்தால் எழுந்து தானே போட்டுச் சாப்பிடுவாள்.

ஜார்ஜ்டவுனில் வேலை என்றால் முதல் ஆண்டாவது அங்கேயே விடுதியில் தங்கட்டும். 2014-ல் பத்து காவானிலிருந்து இரண்டாவது பாலம் திறந்தபின் இன்னொரு வழி கிடைத்ததென்னவோ உண்மை. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுக் கடற்காற்றில் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருவது ஆபத்து.

"பொம்பளப் பிள்ளைக்கு ராத்திரி வேலை எதுக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கோபித்துப் பயனில்லை. ஒன்றை நினைவூட்டலாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, ஐந்தரைக்குப் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் மரம் வெட்டியவர்கள் யார்? நம் தாய்மார்கள்தாமே. இருட்டில் வேலை செய்வது நம் பெண்களுக்குப் புதிதில்லை. அன்று ரப்பர்ப் பாலுக்காகச் செய்தார்கள், இன்று ஓர் உயிருக்காகச் செய்கிறார்கள்.

முதல் மரணத்தைப் பார்த்துவிட்டு வரும் நாள் ஒன்று வரும். அன்று அவள் பேசமாட்டாள். சாப்பாடு வேண்டாம் என்பாள். "இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன்" என்று தொடங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். என்ன நடந்தது என்று அவளாகச் சொன்னால் கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். நோயாளியின் பெயரையும் கதையையும் அவள் வெளியில் சொல்லக்கூடாது என்பது தொழில் தர்மம். அதை நாமும் மதித்து, அக்கம்பக்கத்துக்குச் செய்தியாக எடுத்துப் போகாமலிருக்க வேண்டும். ஓராண்டைத் தாண்டிவிட்டால் பிறகு அவள் உங்களுக்கே தைரியம் சொல்வாள்.

ஒரு காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸர் ஒருவரும் ஆயா ஒருவருமே நமக்குக் கதி. மிஸ்ஸி என்றால் வேறு யாரோ வீட்டுப் பெண் என்று எண்ணியிருந்தோம். இன்று பெரிய ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, சுவாசக் கருவியின் பக்கத்தில், நம் தோட்டத்துப் பிள்ளையே நிற்க முடிகிறது. மலாய் தெரியாத ஒரு பாட்டி அங்கே பயந்துபோய்ப் படுத்திருக்கும்போது, "பாட்டி, பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்று தமிழில் ஒரு குரல் கேட்டால் எப்படியிருக்கும்!

அந்தக் குரல் தடுமாறாமல் வர வேண்டுமானால், அவளுக்கும் தொடக்கத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் நின்று "பயப்படாதே, நான் இருக்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எனவே நாற்சந்தியில் நிற்கும் உங்கள் பெண்ணை அவசரப்படுத்தாதீர்கள். அத்தை சம்பளத்தைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பிறகு மகளைத் தனியே அழைத்து, "உனக்குக் கத்துக்கொடுக்கப் போறது யாரும்மா?" என்று கேளுங்கள். அவளுக்கு விடை தெரிந்திருந்தால் வழியனுப்பி வையுங்கள். தெரியாவிட்டால், விசாரித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.